பரசுராமன் எழுதிய காமாலை

பரசுராமன் வக்கீல் குமாஸ்தா. தினம் ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, பத்து மணிக்குள் முன்சீப் கோர்ட் வராந்தாவின் கோடி பெஞ்சைப் பிடித்துவிடுவார். பிராது, எதிர்வழக்குரை, வாய்தா மனு, தடையுத்தரவு மனு என்று எதைக் கேட்டாலும் கை தானாக எழுதும். அவருடைய வக்கீல் சட்டம் படித்தவர். ஆகவே மனு எழுதுகிற வேலையில் தலையிடுவதில்லை.

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில்தான் அவருக்குத் தனிப் பெயர். கெடு தாண்டி வந்தவர் யாராக இருந்தாலும் காமாலை என்று எழுதுவார். காய்ச்சல் என்றால் நாலு நாளில் எழுந்துவிட வேண்டும். கால் முறிந்தால் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி போதும். அதை அரைத்துக் கொடுப்பவர் சீட்டு எழுதுவதில்லை. நூறு நாள்கூடப் படுத்திருக்கலாம்.

1973இல் செங்கம்மாள் வந்தாள். புருஷன் செத்த ஒன்பதாம் நாள், அவனுடைய எழுபது சென்ட் நஞ்சை தனக்கே சொந்தமென்று கொழுந்தன் அப்பாவு போட்ட வழக்கின் சம்மன் வந்தது. கருமாதிக்கு முன் காகிதம் எதையும் கையால் தொடக் கூடாதென்று அவள் உள்ளே போய்விட்டாள். கோர்ட் அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்க ஊரார் வீட்டைக் கழுவினார்கள். சம்மனும் தண்ணீரோடு போயிற்று. அவள் வராமலே அப்பாவு பக்கம் தீர்ப்பானது. ஐந்து மாதம் கழித்து நிலத்தை எடுத்துக் கொடுக்க அமீனா மறுபடி வந்தபோதுதான் விஷயமே அவளுக்குத் தெரிந்தது. நிலம் போனால் அவளுக்கு வேறு கதியில்லை.

வக்கீல் முதலில் நிலத்தை எடுக்கவிடாமல் தடை வாங்கினார். பிறகு தாமதத்தை மன்னிக்கவும் தீர்ப்பை ரத்து செய்யவும் பரசுராமன் மனு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"எனக்கு என்னிக்கி காமாலை வந்துச்சு?" என்றாள் செங்கம்மாள்.

"கோர்ட்டுக்குக் கருமாதி புரியாதும்மா. காமாலை புரியும். கையை நீட்டு."

கட்டைவிரலில் மையைத் தடவினார்.

அப்பாவுவின் வக்கீல் இரண்டு காகிதங்களோடு எழுந்தார். அந்த ஐந்து மாதமும் செங்கம்மாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் சித்தாளாக இருந்த வருகைப் பட்டியல் ஒன்று. அதே ஆண்டில் பரசுராமன் கையெழுத்தில் காமாலை கண்ட பதினேழு பேரின் பட்டியல் இன்னொன்று. அதில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் படுத்து ஒரே நாளில் எழுந்திருந்தார்கள். பரசுராமன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நீதிபதி நேராகச் செங்கம்மாளைக் கேட்டார்.

"காமாலை எல்லாம் இல்லீங்க சாமி. எழவு ஊட்ல காயிதம் தொடலாமா? தொடல. கெழவிங்க கதவ கழுவிக்கினு இருந்தாங்க, அதோட பூட்ச்சி."

இதை ஏன் மனுவில் எழுதவில்லை என்று நீதிபதி கேட்டார். வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை மட்டும் எழுதி மூன்று மணிக்குள் புது பிரமாணப் பத்திரம் தர வேண்டும், தராவிட்டால் மனு தள்ளுபடி என்று உத்தரவாயிற்று.

'மனுதாரராகிய நான்' என்பது வரை பேனா தானாக ஓடிற்று. அப்புறம் நின்றது. கழுவிய கதவுக்கு அவரிடம் வாக்கியம் இல்லை. சாப்பாட்டு வேளை போயிற்று. கடைசியில் அவள் சொல்லச் சொல்ல, பதினெட்டு வருஷ அனுபவசாலி பள்ளிப்பிள்ளை மாதிரி எழுதினார். முக்கால் பக்கம்தான் வந்தது. இவ்வளவு குட்டையான பத்திரத்தைக் கொடுக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

நீதிபதி இரண்டு முறை படித்தார். தாமதம் மன்னிக்கப்பட்டது, தீர்ப்பு ரத்தானது.

வெளியே வந்ததும் செங்கம்மாள் கேட்டாள்: "அப்போ நெலம் எனக்குத்தானே?"

"இல்லம்மா. இப்பத்தான் கேஸ் ஆரம்பம். அடுத்த வாய்தாவுல எதிர்வழக்குரை போடணும். அப்புறம் சாட்சி, விசாரணை."

படியிறங்கிய அப்பாவு, "பத்து வருசம் இஸ்துக்கினு போறேன் பாரு அண்ணி" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "அதுவரைக்கும் நாத்து வுடலாமா?" என்று பரசுராமனைக் கேட்டாள்.

"வுடலாம். பழைய தீர்ப்புதான் போயிடுச்சே, எவனும் எறங்க முடியாது."

அவளுக்கு அது போதுமாயிருந்தது. விதைநெல் வாங்க வேண்டுமென்று கிளம்பிப் போனாள்.