சுட மாட்டேன் என்று அக்கா சொன்னது

பெரியப்பா வாங்கி வந்த ஏர் கன்னின் கட்டை அக்காவின் தோளுக்குப் பொருந்தவே இல்லை. அதன் கனத்துக்கு ஈடுகொடுக்க இடுப்பை ஒருபக்கமாக வளைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் நின்ற விதம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அக்கா, என் பெரியம்மாவின் ஒரே மகள். நாலாம் வகுப்பு படித்தாள். நான் அவளுக்கு ஒரு வகுப்பு கீழே. ஆமத்தூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

பெரியப்பா பட்டாளத்திலிருந்து வந்து, விருதுநகரில் ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்தார். லைசென்ஸ் வாங்கிய சொந்தத் துப்பாக்கி வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் அது வீட்டில்தான் இருக்கும். அதனால் மகளுக்குத் துப்பாக்கி பழக்கியே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. “தொடாதே தொடாதேன்னா ஒளிஞ்சு போய்த் தொடும். முறையாப் பழகிட்டா பயந்து நடக்கும்” என்பார். பெரியம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுகிறவள். “எங்க கம்பெனியில கால்ல கொலுசு கெடந்தாக்கூட, பொறி பறந்திரும்னு வாசல்லயே கழட்டச் சொல்லுதாக. நீங்க பச்சப்புள்ள கையில துப்பாக்கியக் கொடுக்கீக” என்றாள். “அங்க வெடிமருந்துகிட்ட உங்கள விடும்போது சொல்லிக் கொடுத்துத்தான விடுதாக?” என்று இவர் கேட்டார். “எங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? பக்கத்துல இருக்கவளப் பாத்துப் பழகுனதுதான்.” பெரியப்பா சிரித்தார். “அதான் தப்புங்கேன்.” அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால், அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். சுடும்வரை விசையில் விரல் படக் கூடாது. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் ஆளுக்கு நேராகக் குழலை நீட்டக் கூடாது. குறிக்கு முன்னால், பின்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் சுடக் கூடாது. அக்கா இதையெல்லாம் வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள். கோழி குறுக்கே வந்தால்கூடத் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவாள். கொல்லைச் சுவரில் வைத்த பவுடர் டப்பா அவள் சுட்டால் தவறாமல் விழும். நான் கேட்டால் தர மாட்டாள். “நீ இன்னும் படிக்கல” என்பாள்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு விடுமுறை விட்டிருந்த நேரம். பெரியப்பாவின் பட்டாள நண்பர்கள் இருவர் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் குறிபார்த்துச் சுடுவதைக் காட்டுவதற்காக எல்லாரையும் கொல்லைக்கு அழைத்துப் போனார். அக்கா குழலை மடக்கி ஈயக் குண்டைப் போட்டாள், தூக்கினாள், உடனே தாழ்த்திவிட்டாள். சுவருக்குப் பக்கத்தில் துவைகல்லடியில் பெரியம்மா குனிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா அங்கன இருக்காக. சுட மாட்டேன்ப்பா.”

“அவ எங்கிட்டோ ஓரத்துல இருக்கா. சுடு தாயி.”

“மாட்டேன்.”

நண்பர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் பெரியப்பாவின் முகம் மாறியது. “அப்பா சொல்லுதேன்ல. சொன்னாச் செய்யணும்” என்றார், வேறு குரலில். அக்கா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுட்டாள். குண்டு டப்பாவில் படவில்லை, துவைகல்லில் பட்டுத் தெறித்தது. பெரியம்மா சாம்பல் அப்பிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் பெரியம்மா, “நான்தான் குறுக்க போயிட்டேன்” என்றாள். பொம்பளப் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கி என்றது ஊர். இந்த வயதில் கொடுத்தது தப்பு என்றார் என் அப்பா. அக்கா மாட்டேன் என்று சொன்னதை யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவள் அழுது நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். பெரியம்மா குழாய் உருட்டுவதை விட்டுப் பட்டாசுப் பெட்டி ஒட்டப் போனாள். தண்ணீர் ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே ஊற்றுவாள், பிறகு விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து ஊற்றப் பழகினாள். பெரியப்பா வழக்கம்போல் துப்பாக்கியோடு வங்கிக்குப் போய்வந்தார். அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று பின்னாளில் நினைத்திருக்கிறேன். பெரியப்பா, பெரியம்மா இருவரும் இப்போது இல்லை.

போன மாதம் என் மகன் தன் பள்ளியில் துப்பாக்கி சுடும் வகுப்பு தொடங்குவதாகச் சொல்லி, சேர வேண்டும் என்று அடம்பிடித்தான். அவனுக்கு ஒன்பது வயது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “சுட மாட்டேன்னு இவன் சொன்னா அங்க கேப்பாகளான்னு விசாரி” என்றாள். பிறகு மழை பெய்கிறதா என்று கேட்டாள்.

மறுநாள் மகனோடு பள்ளிக்குப் போனேன். பயிற்சியாளர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். பாதுகாப்பு ஏற்பாடுகளை எல்லாம் காட்டினார். எதிலும் குறை இல்லை. கடைசியில் நான் கேட்டேன்: “சார், ஒருவேளை இவன் சுட மாட்டேன்னு சொன்னா?”

அவர் என் கவலையைப் போக்கும் விதமாகச் சிரித்தார். “அப்படியெல்லாம் சொல்ல மாட்டான் மேடம். நாங்க சொன்னா சுட்டுருவான்.”

நன்றி சொல்லிவிட்டு மகனை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏன்மா, ஏன்மா என்று வழியெல்லாம் கேட்டான். பஸ் வந்ததும் அவனை முதலில் ஏற்றிவிட்டு, “அங்க கேக்க மாட்டாகளாம்” என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.