தாம்ஹிணியின் 'காலி' அருவி

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் புனேயின் விமான் நகரிலிருந்து காரில் புறப்பட்டோம். மறுநாள் வீட்டுச் சாமான் ஏற்ற லாரி வருகிறது, கோயம்புத்தூருக்கே மாற்றல். புனே வந்த முதல் மழைக்காலத்தில் என் மனைவி சுதா, "தாம்ஹிணி மலையில ஒரு அருவி இருக்குதாமா, போலாமுங்களா?" என்று கேட்டிருந்தாள். "அடுத்த வாரம்" என்றேன். அந்த அடுத்த வாரம் மூன்று மழைக்காலமாக வராமலே போயிற்று. இன்று காட்டாவிட்டால் இனி இல்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆயுசுக்கும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மழைக்கோட்டு இரண்டையும் முன்யோசனையாக அட்டைப்பெட்டிக்குள் போட்டு ஒட்டிவைத்த புத்திசாலி நான்தான். எந்தப் பெட்டி என்று நினைவில்லை. ஆகவே குப்பைக்கூடைக்குப் போடும் பெரிய கறுப்புப் பைகள் இரண்டை எடுத்துத் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டுக்கொண்டோம். சுதாவுக்கு அது ஏதோ புது மாதிரி உடைபோல இருந்தது. நான், இன்னும் வண்டி வந்து எடுத்துப்போகாத குப்பையாகவே இருந்தேன்.

பிரங்குட், பௌட் தாண்டி, முல்ஷி ஏரியை வலம் வந்து மலைப்பாதையில் ஏறினோம். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஒன்பது மணிக்குச் சாலையோரம் ஒரு தார்ப்பாய்க் கடையில் நிறுத்தினோம். பள்ளத்தாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மூட்டம். தார்ப்பாயின் மேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. தேநீர் இருபது ரூபாய், வெங்காய பஜ்ஜி தட்டு ஐம்பது.

என் மராத்தி ஆட்டோ பிடிக்கும் அளவுக்குத்தான் தாங்கும். ஆனால் அருவிக்கு 'தப்தபா' என்பது மட்டும் தெரியும். தபதபவென்று கொட்டுவதால் மனதில் தங்கிவிட்டது. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"தாயீ, தப்தபா?"

"காலி ஆஹே," என்று மூட்டத்தைப் பார்த்து முகவாயை ஆட்டினார்.

"காலியாம்," என்றேன் சுதாவிடம். "தண்ணி வத்திருச்சு."

"இந்த மழையிலயா?"

"இந்தியிலயும் காலி, தமிழ்லயும் காலி. மராத்தியில மட்டும் நெறைஞ்சிருக்குமா?"

சுதா திட்டவில்லை. "சரி விடுங்க. பஜ்ஜி நல்லாத்தான் இருக்குது," என்றாள். திட்டாத சுதாவோடு எழுபது கிலோமீட்டர் திரும்பிப் போக முடியாது.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் ஏறி வந்தார்கள். தலைமுடி முதல் காலணி வரை தொப்பல். சுதா அவர்களையே பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம வாட்ச்மேன் போன் பண்ணி 'காலி யா'ன்னு கூப்பிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கீழ போய் பார்சல் வாங்கிட்டு வரு..." சொல்லும்போதே என் காதில் விழுந்துவிட்டது.

"கீழன்னுதான் அந்தம்மா சொல்லியிருக்காங்க. எறங்குங்க, பண்டிதரே!"

கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, "ஹோ, காலி, காலி!" என்று கரண்டியால் ஒற்றையடிப் பாதையைக் காட்டினார்.

அரைமணி நேர இறக்கம். செஞ்சேறு, வேர்கள், பாசி போர்த்திய மரங்கள். பலமுறை நான் திட்டமிடாமல் உட்கார்ந்தேன். பை பின்பக்கம் கிழிந்தது. ஓசை முதலில் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கூட்டில்தான் அதிர்ந்தது. கடைசித் திருப்பத்தில் கயிறு கட்டியிருந்த பாறையை அடைந்தபோது காற்று மூட்டத்தை இழுத்துக்கொண்டு போனது.

இரு பக்கமும் கன்னங்கரிய பாறைச் சுவர்கள். அவற்றில் பிடிப்புக் கிடைத்த இடமெல்லாம் காடு. நடுவில் அருவி. மலையுச்சி தெரியவில்லை, மேகத்திலிருந்தே நேராகத் தண்ணீர் இறங்கி, பாதியில் புகையாகி, அடியில் மறுபடி தண்ணீராகி இடித்தது. எதிர்ச்சுவரில் விழ முயன்ற ஒரு மெல்லிய ஓடையைக் காற்று பிடித்து மேலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே போகும் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன்.

குற்றாலத்தில் அருவிக்கே முதுகைக் காட்டி, "இன்னும் நாலு போடு" என்று அடி வாங்குகிறவர்கள் நாம். இங்கே அந்த உரிமை எடுக்கத் தோன்றவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்தும் சாரல் வந்து முகத்தைக் கழுவியது. சுதா கைபேசியை வெளியே எடுக்கவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வெகுநேரம் கழித்து, "போலாமா? பெட்டி கட்டுற வேலை பாக்கி இருக்கு," என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "மூணு வருசம் நான் காத்துட்டு நின்னேனுங்க. இப்ப நீங்க கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். மேகம் வந்து அருவியை மூடியது. ஓசை மட்டும் இருந்தது. மேகம் விலகட்டும் என்று அவளும் நகரவில்லை, நானும் நேரம் பார்க்கவில்லை.