தகரக் கூரையும் கிளிசரினும்

உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துத் தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணிக்குத் திரும்பியபோது, அப்பாவின் சாயப்பட்டறையில் எனக்கு வேலை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அப்பாவுக்குத்தான்.

கச்சாப் பட்டுநூலின் மேல் ஒரு பசை ஒட்டியிருக்கும். அது போனால்தான் நூலில் பளபளப்பு வரும், சாயம் ஏறும். அப்பா சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுப்பார். பசையோடு நூலின் பலமும் கொஞ்சம் போகும். தறியில் இழை அறும். பசையை மட்டும் தின்கிற நொதி, அதாவது என்சைம், இருக்கிறது, அதற்குக் கொதியே வேண்டாம், வெதுவெதுப்பு போதும் என்றேன். சென்னையிலிருந்து பொடி வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து ஒரு கேனில் வைத்தேன். முதல் நாள் நூல் வெண்ணெய் மாதிரி வந்தது. அப்பா தடவிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டு நூலையும் எடுத்துக் கொடுத்தார். குறை இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

வாரக் கடைசியில் அதே கேனிலிருந்து ஊற்றியபோது நூல் விறைப்பாகவே கிடந்தது.

“இன்னாம்மா, ஊத்திகினே இருக்க, பிசுக்கு போவலையே. நூல் குடுத்தவரு சாயந்தரம் வந்துடுவாரு. நான் சோப்பே போட்டுடறேன்.”

“போடுங்கப்பா. ஆனா பொடி மேல தப்பு இல்ல. வெயில் அதைக் கெடுத்துடுச்சி.”

அது அக்னி நட்சத்திரம். தகரக் கூரைக்கடியில் கேனைத் தொட முடியவில்லை. நொதி என்பது மடிந்து சுருண்ட புரதம்; அது தின்கிற பசையும் புரதம்தான். சூட்டில் மடிப்பு அவிழும். அவிழ்ந்ததை மிச்சமிருக்கும் நொதியே தின்றுவிடும். பட்டறையில் ஃபிரிட்ஜ் கிடையாது, இருந்தாலும் கரண்ட்டை நம்ப முடியாது. சில எளிய பொருள்களைச் சேர்த்தால் மடிப்பு சூட்டைத் தாங்கும் என்று படித்திருந்தேன். எது தாங்கவைக்கும் என்று பார்த்துவிடலாம்.

டீ கிளாஸ்களில் நொதியைக் கரைத்தேன். ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் சர்க்கரை, கால்சியம் குளோரைடு, மருந்துக்கடை கிளிசரின், சாயத்துக்கு வைத்திருந்த யூரியா என்று ஒவ்வொன்றைச் சேர்த்து, மூடி, கூரைக்கடியில் வேகவிட்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துப் பால்பவுடர் கரைத்த தண்ணீரில் விட்டேன். நொதி பிழைத்திருந்தால் பாலின் புரதத்தைத் தின்றுவிடும், வெள்ளை தெளிந்துவிடும்.

எதுவும் சேர்க்காதது பாலாகவே நின்றது. யூரியாவும் அப்படித்தான், அது மடிப்பை அவிழ்ப்பதில் சூட்டுக்கே துணைபோகும். சர்க்கரை சுமார், ஆனால் எறும்பு. கால்சியம் நன்றாகத்தான் தாங்கியது. ஆனால் பின்னால் சோப்புத் தண்ணீரில் அலசும்போது நூலில் திரிதிரியாகப் படியும். கிளிசரின் சேர்த்தது கண்ணெதிரே பாலைத் தெளியவைத்தது.

“மூஞ்சில தடவறதா இது?” என்றார் அப்பா.

“அதேதாம்பா.”

அதற்குப் பிறகு பாதி தண்ணீரும் பாதி கிளிசரினுமாகக் கரைத்து வைத்தேன். அந்த வெயில் முழுக்கக் கேன் கெடவில்லை. ஆடி பிறப்பதற்குள் நூல்காரர் பட்டறைக்கு வந்தார்.

“தறியில இழை அறுவலன்றாங்க. இனிமே எல்லா நூலையும் இதுலயே போட்டுக் குடுங்க.”

“என் பொண்ணக் கேளுங்க. அது வேல அது.”

“போட்டுடலாங்க. தொட்டியில தெர்மாமீட்டர் வைக்கணும், அவ்ளோதான். கிளிசரின் வெயிலுக்குத்தான் காப்பு, கொதிக்கு இல்ல.”

விரலை விட்டே சூடு பார்த்துப் பழகியவர் அப்பா. மறுநாள் காலையில் பஸ் பிடித்து வேலூர் போய், ஒன்றுக்கு இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி வந்தார்.