பாப்பாவுக்கு எந்தக் கப்பல்

பினாங்கு மலையே கண்ணுக்குத் தெரியாமல் காட்டுத்தீப் புகை மூடிக் கிடந்ததே ஒரு வருஷம், பிள்ளைகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்களே, அந்த வருஷக் கடைசி. தீபாவளி முடிந்து, நல்ல மழை வந்து புகையைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. பள்ளி விடுமுறை. அப்போதுதான் நாங்கள் கப்பல் மாறினோம்.

கப்பல் மாறினோம் என்றதும் நான் ஏதோ மாலுமி என்று நினைத்துவிடாதீர்கள். அக்கரையில் மாக் மண்டின் என்கிற இடத்தில் ஒரு டின் தொழிற்சாலையில் லாரிக்குப் பெட்டி ஏற்றியவன் நான். படிப்பு கிடையாது. ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரை இக்கரை போய்வருகிற படகை நாங்கள் பெரி என்போம்; தினமும் அந்தப் பெரியில் போவேன், வருவேன். எனக்கும் கடலுக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அந்தப் பெரியால்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மகன். இளையவள் பாப்பா. அவளுக்கு இருபத்தைந்து வயது தாண்டியும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். சின்னதில் கடுங்காய்ச்சல் வந்து, வலிப்பு வந்து, பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். உடம்பு வளர்ந்தது. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சில வார்த்தைகள்தான் பேசுவாள். ஆனால் சிரித்தால் காது வரைக்கும் சிரிப்பாள். திடீர்ச் சத்தமும் புது மனிதர்களும் மட்டும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பெரியில் கூட்டிப் போவேன். அக்கரை வந்தால் இறங்கமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும்" என்பாள். அதே பெரியில் திரும்புவோம். இக்கரையிலும் "இன்னும்". பெரியில் கயிறு போடுகிற ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்தாலே, "முதலாளியம்மா வந்தாச்சு, வண்டிய எடு" என்று கத்துவார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். சரி, அவர் கதை வேறு.

மகன் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மேலே வந்த பிறகு, "பாப்பாவுக்குத்தான் தண்ணின்னா பிடிக்குமே" என்று மருமகள், பேரப்பிள்ளைகளோடு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுலாக் கப்பலில் கூட்டிப் போனான். மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் துறையில் ஏறினால் புக்கெட் போய்த் திரும்பும். பழைய கப்பல். நடைபாதையில் டீசல் வாடை அடிக்கும், அலை கொஞ்சம் தூக்கினாலே தட்டு மேசையில் நகரும். ஆனால் எங்களுக்கென்று ஒரே மேசை, ஒரே பரிமாறுகிற ஆள். அவர் பாப்பாவுக்கு முதலில் பப்பாளிப்பழம் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சோறு வைப்பார். ஆறேழு பேர் படுக்கிற மாதிரி அடுக்குக் கட்டில் போட்ட ஒரே அறை. எல்லோருடைய மூச்சும் எல்லோருக்கும் கேட்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வலிப்பு வந்து பிழைத்த நாளிலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அம்மா சூடம் கொளுத்திப் பாப்பாவுக்குச் சுற்றிப் போடுவாள். அது ஆனால்தான் பாப்பா சாப்பிட வருவாள், படுக்கப் போவாள். ஆகாவிட்டால் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருப்பாள், யார் சொன்னாலும் நிறுத்தமாட்டாள். பழைய கப்பலில் பின்பக்கம் கயிறெல்லாம் சுருட்டி வைத்த ஒரு திறந்த மூலை இருந்தது. அங்கே ஒரு டின் மூடியில் சூடம் வைத்துச் சுற்றுவோம். காற்று அணைத்துவிடும் என்று, அங்கே வேலை பார்க்கிற ஆள் தன் சட்டையைக் கழற்றி விரித்து மறைத்துப் பிடிப்பார். எங்களிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சில வருஷம் இப்படிப் போனது. பிறகு அந்தக் கப்பல் இனிமேல் பினாங்குக்கு வராது என்றார்கள்.

மகன் எங்களைச் சூலியா தெருவுக்கு அழைத்துப் போனான். காசு மாற்றுகிற கடைக்கு மேல்மாடியில் ஒரு தம்பி டிக்கெட் போட்டுக் கொடுப்பார். புதுக் கம்பெனிக் கப்பலின் படப் புத்தகத்தை விரித்து வைத்தார். நான் படத்தைத்தான் பார்த்தேன். நீச்சல் குளம், சறுக்கு மரம், பாட்டுக் கச்சேரி. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சறுக்கு மரத்தின் மேல் விரலை வைத்தவர்கள் எடுக்கவேயில்லை.

"அக்கா, இது கப்பலே இல்ல. மிதக்கிற டவுன்லா," என்றார் தம்பி.

"டவுனு வேணாம் தம்பி, டவுன்லதான் குடியிருக்கோம்," என்றாள் என் மனைவி. "சாப்பாட்டு மேச ஒண்ணுதானா? தெனமும் அதே ஆளுதான் வைப்பாரா?"

"அதெல்லாம் பழைய காலம்கா. இதுல எங்க வேணாலும் உக்காரலாம், எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்."

"எங்க வேணாலும்னா இவ எங்கயுமே உக்கார மாட்டாளே. ரூம்பு?"

"ரெண்டு ரெண்டு பேரா தனி ரூம்பு. ஒவ்வொண்ணுக்கும் தனி பாத்ரூம். ராஜா மாதிரி."

"ராஜாவுக்குத் தூக்கம் வருமா தம்பி?" என்று கேட்டாள். தம்பி மகனைப் பார்த்துச் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

மகனுடைய கெரெத்தாவில், அதான் காரில், திரும்பும்போதுதான் அவன் வாயைத் திறந்தான். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவ அந்த நாளு மட்டும் பாலிக் புலாவ் அத்த வீட்ல விட்டுட்டுப் போனா என்ன? அத்தயும் கூப்பிடுறாங்க. போன தடவ நீங்க ரெண்டு பேரும் அவளப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு நாள்கூட ஒழுங்கா உக்காரல."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாய் தகப்பன் களைத்துப் போவதைப் பார்த்துச் சொன்னான். என் தங்கையும் பாப்பாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். ஆனால் ஒரு தடவை விட்டுவிட்டுப் போனால், அடுத்த தடவை விடுவது சுலபமாகிவிடும். பிறகு கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, எல்லாவற்றுக்கும் அதுவே வழக்கமாகிவிடும். இதை என் மனைவி வாயால் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா அவள் மடியில் தலை வைத்து, "கப்பல், கப்பல்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ வரட்டும்பா," என்றேன். "சரிவரலன்னா நீ சொல்ற மாதிரி செய்வோம்."

அப்படித்தான் ஏறினோம். உண்மையிலேயே பெரிய கப்பல்தான். உள்ளே மின்தூக்கி, கண்ணாடிச் சுவர், எங்கே திரும்பினாலும் பாட்டு. கடலில் போகிறோம் என்பதே தெரியவில்லை. அலை ஆட்டவில்லை, வாடை இல்லை. பேரப்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டார்கள், மருமகள் அவர்கள் பின்னால் போனாள். பாப்பா மட்டும் ஒவ்வொரு நடைபாதையிலும் நின்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் போனால் அங்கேயும் மேசை போட்டு ஆட்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு வைத்த மூலை எங்கே இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது?

பொழுது இறங்கியது. பாப்பா அறைத் தரையில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள். மகன் வந்து கதவருகில் நின்று, "சாப்பிட வரலையா?" என்றான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

என் மனைவி பையிலிருந்து டின் மூடியை எடுத்தாள். "இங்கயே சுத்திடுறேன். ஒரு சூடந்தானே," என்றாள். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. வீட்டில் சாமி அறையில் கொளுத்துவதில்லையா?

சூடம் பற்றியது. அவள் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. கூரையிலிருந்து ஒன்று வீறிட்டது பாருங்கள், காது கிழிந்துவிட்டது. பாப்பா கத்திக்கொண்டே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு நெருப்பணைக்கிற உருளையோடு இரண்டு பேர், அவர்கள் பின்னால் ஓர் அதிகாரி. அவர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். மகன் "சாரி, சாரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி நடந்தால் அடுத்த துறையிலேயே இறக்கிவிடுவோம் என்றாராம்.

அவர் மேல் தப்பில்லை. நடுக்கடலில் நெருப்பு என்றால் எத்தனை உயிர் இருக்கிறது. ஆனால் பாப்பா வெளியே வரவில்லை. கூப்பிடக் கூப்பிட உள்ளே போனாள். மகன் என்னைப் பார்த்தான், நான் கீழே பார்த்தேன். அத்தை வீட்டுப் பேச்சு எங்கள் இரண்டு பேர் நடுவிலும் நின்றது.

அறையைத் துடைக்க வருகிற பெண் ஒருத்தி மட்டும் போகாமல் வாசலில் நின்றிருந்தாள். இந்தோனேசியாவில் மேடான் ஊர்க்காரி, தலையில் துணி கட்டியிருந்தாள். மாமா என்று கூப்பிடுகிற மாதிரி, மலாயில் மெதுவாகக் கேட்டாள், "பாக்சிக், நெருப்பு எதுக்கு?" எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: பிள்ளை மேல் கண் படாமல் இருக்க, இது ஆகாவிட்டால் சாப்பிடமாட்டாள் என்று.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெருப்புத்தானே ஆகாது? உப்பு கெடைக்குமான்னு கேளுங்க. சுத்தித் தண்ணியில கரைச்சிடலாம்," என்றாள்.

அந்தப் பெண் ஓடிப்போய் இரண்டு கை நிறையக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் வைப்பார்களே, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலம், அது. என் மனைவி ஒன்றைக் கிழித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, பல்பொடி மாதிரி இருக்கு. கல்லுப்பு இல்லையாமா? இதுக்கெல்லாம் திருஷ்டி போகுமா?"

"சுத்திச் சுத்தி அம்புட்டும் உப்புத் தண்ணி. அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு உப்பு சரியில்லங்கிறியே," என்றேன்.

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொட்டலம் பொட்டலமாகக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினாள். அந்தக் கிழிகிற சத்தம்தான் பாப்பாவை இழுத்தது. காகிதம் கிழிப்பதென்றால் அவளுக்கு உயிர். முதலில் ஒரு கை வெளியே வந்தது, பிறகு தலை. அம்மா அவளுக்கு மூன்று தடவை சுற்றி, குழாயைத் திறந்து உப்பைக் கரைத்தாள். பாப்பா அது கரைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு அவள் செய்ததை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பொட்டலத்தைத் தானே கிழித்து, கையில் கொட்டி, மேடான்காரியின் தலையைச் சுற்றினாள். அந்தப் பெண் கண்ணை மூடிக் குனிந்து நின்றாள். அடுத்த பொட்டலம் எடுத்துக்கொண்டு மகனிடம் போனாள். அவன் உயரமானவன், அவளுக்கு எட்டவில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே," என்றாள் பாப்பா. சுற்றினாள். பாதி உப்பு அவன் தலையிலேயே கொட்டியது. அவன் தட்டிவிடவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டாள். அடுக்களைக் கதவுப் பக்கம் ஒரு மூலை மேசையில், மகன் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை மறைத்து உட்கார, கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டாள். என் மனைவி, மகனோடு படுக்கவேண்டிய பேரனை மருமகளிடம் அனுப்பிவிட்டு, எங்கள் அறையிலேயே மகனையும் தரையில் படுக்கச் சொன்னாள். ராஜா மாதிரிக் கொடுத்த அறை ஒன்று காலியாகக் கிடந்தது.

இரண்டில் எது நல்ல கப்பல் என்று கேட்டால், இன்றைக்கும் பழையதைத்தான் சொல்வேன். மீன் குழம்பு அதில்தான் குழம்பு மாதிரி இருக்கும். புதியதில் நாற்பது விதம் வைத்தார்கள், எதிலும் புளிப்பு இல்லை. ஆனால் குளிக்கிற இடம் புதியதில்தான் வசதி, என் மனைவிக்கு முட்டிவலி. யாரையும் குறை சொல்லக்கூடாது.

துறையில் இறங்கி வரும்போது என் மனைவி மகனை நிறுத்தினாள். "அடுத்த தடவ எப்படிப்பா? பாப்பா அத்த வீட்டுக்கா?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "அத்த வரணும்னா அவங்களையும் கூட்டிட்டுப் போவோம்மா," என்றான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எங்கள் பாப்பா மாதிரிப் பிள்ளை இருக்கும். கப்பல் மாறப்போகிறோம், எது நல்லது என்று அவர்கள் கேட்டால் நான் சொன்னதைச் சொல்லுங்கள். குளத்தையும் சறுக்கு மரத்தையும் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தினமும் எது ஆகவேண்டுமோ, அதை அந்தக் கப்பலில் செய்ய வழி உண்டா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டாம், அங்கே போய் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.