பக்கம் மாற்றாத கால்கள்

சிறுநீரகம் நின்றுபோன அம்மா புன்பெங்குக்குத் தினமும் நான்கு வேளை, வயிற்றுக் குழாய் வழியாக இரண்டு லிட்டர் டயாலிசிஸ் நீரை ஏற்றி வடித்தோம். மழைக்காலத்தில் ஒன்றரை லிட்டர்தான் திரும்பி வந்தது. நான் கோன் கேன் நகரக் குடிநீர் வாரியத்தில் பம்ப் பொறியாளர். குழாயில் அடைப்பு என்றேன்.

“நான் என்ன உன் பம்புசெட்டாடா? ஸ்பானரைத் தூக்கிட்டு வந்துடாத!” என்று அம்மா சிரித்தாள்.

நர்ஸ் சுதாரத் குழாயைத் தொடவில்லை. “அம்மா, உட்காரும்போது எங்கயாவது உறுத்துதா?” என்று கேட்டாள். அம்மா என்னை வெளியே அனுப்பினாள். பிறகு சுதாரத்தான் சொன்னாள்: இடுப்புக்கூட்டின் அடித்தசை விலகி, குடலும் நீரும் இடது பிட்டத்தருகே இறங்கிப் புடைத்திருந்தன. இரண்டு மாதமாகவாம். “பையன்கிட்ட இதை எப்படிச் சொல்றது?” என்றாளாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமி தொற்றி இறந்துபோனாள்.

ஈமச்சடங்கில் பிக்குகள் ஓத, கால்களை ஒருபக்கமாக மடித்து அமர்ந்திருந்தோம். கால்மணி நேரத்தில் மரத்துப்போய் எல்லோரும் பக்கம் மாற்றினார்கள். நானும் மாற்றினேன். அந்த மழைக்காலம் முழுக்க விகாரையில் அம்மா மாற்றவே இல்லை, எப்போதும் கால்கள் இடப்பக்கம், பாரமெல்லாம் வலப்பக்கம்தான். பக்தி என்று நினைத்தேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேளைதோறும் அளவு குறித்த நான் அவளிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இன்னும் புரியவில்லை.