வெற்றிலை மாற்றித் தந்த கட்டடம்

பெங்களூருக்குப் புளி ஏற்றிப்போய்த் திரும்பிய லாரியில்தான் செய்தி வந்தது. டிரைவர் இறங்கி, "பெரியவர் ஆஸ்பத்திரியிலயே போயிட்டாரு" என்றார். சூளகிரி மண்டியில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் பிசுபிசுத்த கைகளோடு எழுந்து நின்றோம்.

பெரியவரை, மண்டிக்காரர் சென்னப்பாவை, உங்களுக்கும் தெரியும். தலைக்கூடையில் புளி சுமந்து விற்றவர், இந்த மண்டியை உண்டாக்கினார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மரம் பூக்கும்போதே தோட்டக்காரரோடு வெற்றிலை பாக்கு மாற்றி விலை பேசிவிடுவார். காய்ப்பு பொய்த்த வருடத்திலும் பேசியதைக் கொடுத்தார். கோடையில் எங்கள் தெருவுக்குக் கிணறு வெட்டித் தந்ததும் அப்படி ஒரு வாய்ச்சொல்லால்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் இல்லை. போன மாசியில் அவர் மண்டிக்குள் வந்து, "புதுசா கட்டுன கட்டடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறேன். ஆனியில ஆறாவது ஆரம்பம். படிக்கிற புள்ளைங்க கை தூக்குங்க" என்றார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அங்க ஒளியறது யாரு?"

"நம்ம லச்சுமிங்கண்ணா" என்றாள் மாரக்கா. "அஞ்சாவதோட நின்னுடுச்சு. வாயே தொறக்காது. புளியங்கொட்டகிட்டதான் பேசும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாய் எதுக்கு கண்ணு? கைதான் இருக்குதில்ல?"

தூக்கினேன்.

மறுவாரம் அந்தப் புதுக் கட்டடத்தில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் தலைமையாசிரியரிடம் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தார். "ஒரு பத்திரம் எழுதிட்டா நல்லதுங்க" என்றார் ஆசிரியர்.

"ஏன் சார், எந்த மரத்தப் பத்திரம் எழுதி வாங்கினேன்? சொன்னா சொன்னதுதான்." கரித்துண்டை எடுத்துக் கரும்பலகைக்கான இடத்தைச் சுவரில் அவரே கோடு போட்டுக் காட்டினார்.

கருமாதி முடிந்ததும் ஆசிரியர் கட்டடத்துச் சாவி கேட்டு மண்டிக்கு வந்தார். "மாமா ஆயிரம் சொல்லியிருப்பாரு. பத்திரம் இருந்தா காட்டுங்க" என்றார் பெரியவரின் மருமகன்.

ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களே, சொல்லுங்கம்மா."

மண்டி இனி மருமகன் கையில்; எல்லோருக்கும் அங்கேதான் கூலி. மாரக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வெற்றிலைத் தட்டை ஆசிரியர் வாங்கியதை நானும் கண்ணால் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். உங்களில் சிலரும் அன்று அங்கே நின்றிருந்தீர்கள்.

ஆனி வந்து போய்விட்டது. அந்தக் கட்டடம் இப்போது புளிக் கிடங்கு. அதற்குள் உட்கார்ந்துதான் கொட்டை எடுக்கிறேன். கரிக்கோட்டை மூட்டைகள் மறைத்துவிட்டன. அது எந்த மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரியவருடையது என்று என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.