சொல்லாமல் விட்ட வரி

மெற்றில்டா திருகோணமலைத் துறைமுகத்தடியில் மீன் வெட்டுகிறவள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து, ஞாயிறு பூசையில் எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஓர் இடத்தில் வாயை மூடிவிடுவாள். இறந்தவர்களின் உடல் உயிர்த்தெழும் என்று விசுவசிப்பதாகச் சொல்லும் வரி அது.

மூன்றாம் வருடம் பங்குக் குருவிடமே சொன்னாள்.

"உடம்பே கிடைக்கேல்லை, பாதர். எது எழும்பி வரும் எண்டு சொல்லுறது? எனக்கு ஏலாது. களைச்சுப் போனன்."

குரு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் சில நாள் வாய் வராது அம்மா. அண்டைக்கெல்லாம் சனம் சொல்லுறதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். நீங்கள் சும்மா நில்லுங்கோ, நாங்கள் சொல்லுறம்."

அடுத்த ஞாயிறும் அந்த இடத்தில் அவள் பேசாமல் நின்றாள். அந்த வரியைக் கோயில் முழுவதும் சொன்னது. களைப்புப் போகவில்லை. ஆனாலும் முடிவில் எல்லோரோடும் சேர்ந்து "ஆமென்" என்றாள்.